தெருவிளக்கடி மரம்

1936இல் எட்வின் மாட்ஸ்க்கே என்ற அமெரிக்கத் தாவரவியலாளர், நியூயார்க் நகரத்துத் தெருமரங்களைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார். இலையுதிர் காலம் வந்து ஊரெங்கும் மரங்கள் மொட்டையான பிறகும், தெருவிளக்கை ஒட்டி நின்ற சில மரங்கள் மட்டும் இலையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. ஒரே மரத்தில்கூட விளக்குப் பக்கத்துக் கிளை பச்சையாகவும் மறுபக்கம் வெறுமையாகவும் இருந்தது. காரணம் வெப்பமல்ல, வெளிச்சம்தான். குளிர் வந்த பிறகு மரம் நடுங்கி இலையைக் கொட்டுகிறது என்றுதான் நாம் பொதுவாக நினைக்கிறோம். உண்மையில் பல மரங்கள் குளிருக்காகக் காத்திருப்பதில்லை. இரவு நீள்கிறதா என்பதை அளந்து, உறைபனிக்கு வாரக்கணக்கில் முன்பே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. செடிகளுக்குப் பகலின் நீளத்தை உணரத் தெரியும் என்பதை கார்னர், அல்லார்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1920இல் புகையிலைச் செடியை வைத்து நிறுவியிருந்தார்கள். தெருவிளக்கடி மரத்துக்கு அந்தக் கணக்கு தவறிவிடுகிறது. அதற்கு இன்னும் கோடை முடியவில்லை.

தவறினால் என்ன நட்டம் என்று கேட்கலாம். இலையுதிர்வதற்கு முன் மரத்துக்குள் நடப்பது ஓய்வல்ல, நெருக்கடியான கணக்கு முடிப்பு. இலையில் உள்ள பச்சையம் சிதைக்கப்பட்டு, அதோடு பிணைந்த புரதங்கள் உடைக்கப்பட்டு, நைட்ரஜனும் பாஸ்பரசும் கிளைக்கும் தண்டுக்கும் திரும்ப அனுப்பப்படுகின்றன. இலையிலிருந்த நைட்ரஜனில் ஏறக்குறைய பாதியை, சில மரங்களில் அதற்கும் மேலாக, மரம் மீட்டுக்கொள்கிறது. பச்சை போனதும் அடியில் முன்பே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. மேப்பிள் போன்ற மரங்களின் சிவப்பு மட்டும் அந்த நேரத்தில் புதிதாகத் தயாராவது. கடைசியாக, காம்பின் அடியில் ஒரு பிரிவுப் படலம் உருவாகி, தழும்பு மூடப்பட்ட பிறகே இலை விழுகிறது. மீட்பு முடியுமுன் உறைபனி வந்து இலை கருகினால், அந்தச் சத்தெல்லாம் போனது போனதுதான். நாம் படம் பிடித்து ரசிக்கும் அந்த வண்ணம், ஆண்டுக் கணக்கை மூடும் மரத்தின் மும்முரம்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆண்டுதோறும் செப்டம்பர் பிறந்தால் மேலை நாட்டு இதழ்கள் ஒரே அறிவுரையை எழுதத் தொடங்கும்: வேகத்தைக் குறையுங்கள், இயற்கையும் ஓய்வெடுக்கிறது, நீங்களும் உங்களைக் கனிவாகக் கவனித்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே மெழுகுவத்தி, கம்பளிக் காலுறை, மசாலா மணக்கும் காபி. (ஸ்டார்பக்ஸ் தன் பூசணி மசாலா லாட்டேயை அறிமுகப்படுத்தியது 2003இல். ஒரு பருவத்துக்கே விலைச்சீட்டு ஒட்டிய சாமர்த்தியம் அது.) அறிவுரை சரிதான், அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் தவறு. இலையுதிர் காலம் கற்றுத்தருவது ஓய்வை அல்ல, நேரத்தை. தெம்பு இருக்கும்போதே, இருட்டு முழுதாக இறங்குவதற்கு முன்பே, எதை மீட்டுக்கொள்வது எதை விட்டுவிடுவது என்று முடிவெடுப்பதுதான் அந்தப் பருவத்துக்குரிய சுயபராமரிப்பு. களைத்து விழுந்த பிறகு போர்த்திக்கொள்ளும் கம்பளி சிகிச்சையாகலாம், பராமரிப்பு ஆகாது.

தமிழ் வாசகருக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இலையுதிர் காலம் என்ற சொல் நம்மிடம் உண்டு, பருவம் இல்லை. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்ற ஆறில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிருக்கு உரியவை. அது மழையும் வாடையும் கலந்த காலம், அப்போது நம் காடு பச்சை பிடித்துக்கொண்டிருக்கும். முதுமலையில் தேக்கு இலை கொட்டுவது அதற்குப் பிறகு வரும் வறண்ட மாதங்களில், அதுவும் தண்ணீர் இல்லாமல். வெளிச்சம் அங்கே முக்கியக் காரணமில்லை. காரணம் எளிது: சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். வெளிச்சம் தேய்வது என்றால் என்னவென்று அறிய வடக்கே போக வேண்டும். நார்வே அதற்குப் பொருத்தமான இடம். அங்கே ஆயிரக்கணக்கான தமிழர்களும் வாழ்கிறார்கள் என்பதால் விஷயம் நமக்கு முற்றிலும் அந்நியமும் அல்ல. 1970களிலும் 80களிலும் இலங்கையிலிருந்து போனவர்களில் பலர், நாட்டின் வடகோடியான ஃபின்மார்க்கில் மீன் பதனிடும் ஆலைகளில்தான் வேலைக்குச் சேர்ந்தார்கள். அங்கே டிசம்பரில் சூரியன் எழுவதே இல்லை.

தலைநகர் ஓஸ்லோவில் நிலைமை அவ்வளவு கடுமையல்ல, ஆனால் மாற்றம் வேகமானது. ஜூன் மாதம் 19 மணி நேரத்தை நெருங்கும் பகல், டிசம்பரில் 6 மணி நேரத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. செப்டம்பர் இறுதியில் நாளொன்றுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் பகல் தேய்கிறது. ஒரு வாரத்தில் கிட்டத்தட்ட 40 நிமிடம். இதை மனித உடல் கவனிக்காமல் இருப்பதில்லை. பார்ப்பதற்கென்று உள்ள செல்களைத் தவிர, வெளிச்சத்தின் அளவை மட்டும் குறித்துக்கொண்டு மூளையின் கடிகாரத்துக்குச் சேதி அனுப்பும் தனி வகைச் செல்கள் நம் விழித்திரையில் உண்டு என்பது 2002இல் தெளிவானது. உயிர்களின் உடல் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. இருட்டினால் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன், இது இரவு என்று உடலுக்குச் சொல்கிறது. அமெரிக்க மனநல ஆய்வாளர் தாமஸ் வெர் 1990களின் தொடக்கத்தில் ஒரு சோதனை நடத்தினார். ஆரோக்கியமானவர்களை நாளொன்றுக்கு 14 மணி நேரம் என்று நான்கு வாரம் இருட்டில் இருக்க வைத்தார். மெலடோனின் சுரக்கும் நேரம் நீண்டது. தூக்கம் நடுவில் ஓர் அமைதியான விழிப்போடு இரண்டாகப் பிரிந்தது. அதாவது நீண்ட இரவுக்கான ஏற்பாடு நம் உடலில் இன்னும் இருக்கிறது, அதைப் பயன்படுத்தும் வாய்ப்புதான் இல்லை. நாம் எல்லோரும் தெருவிளக்கடியில்தான் நிற்கிறோம், அந்த விளக்கை இப்போது கையிலேயே வைத்திருக்கிறோம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். பழைய காலத்து மனிதர்கள் இலையுதிர் காலத்தில் வேகம் குறைந்தார்கள் என்பது வெறும் கற்பனை, ஆண்டிலேயே அவர்கள் மாடாய் உழைத்த பருவம் அதுதான் என்று வரலாறு தெரிந்தவர்கள் சொல்வார்கள். அது உண்மை. அறுவடை, ஆட்டை வெட்டி உப்பிடுவது, வேர்க்கிழங்குகளைத் தோண்டுவது எல்லாம் சில வாரங்களுக்குள் முடிய வேண்டும். டென்மார்க் பள்ளிகளுக்கு ஆண்டின் 42ஆவது வாரத்தில் ஒரு விடுமுறை உண்டு. அதன் பழைய பெயர் உருளைக்கிழங்கு விடுமுறை. பிள்ளைகள் ஓய்வெடுக்கவல்ல, வயலில் கிழங்கு பொறுக்கவே அது விடப்பட்டது. நார்வேயின் அக்டோபர் விடுமுறைக்கும் ஸ்காட்லாந்தின் அக்டோபர் விடுமுறைக்கும் இதே கதைதான். ஆனால் இந்த மறுப்பு என் வாதத்துக்கு எதிரானதல்ல. அந்த உழைப்பு எதற்காக என்று பாருங்கள். அதற்கு ஓர் எல்லை இருந்தது. கிழங்கு உள்ளே வந்துவிட்டால் வேலை முடிந்தது, அடுத்த அறுவடை என்று ஒன்று நவம்பரில் கிடையாது. மெதுவாக இருப்பதற்கான உரிமையை அவர்கள் முன்கூட்டியே சம்பாதித்தார்கள். இன்றைய அலுவலகத்தில் நடப்பது நேர்மாறு. ஆண்டின் கடைசிக் காலாண்டு இலக்கு, பள்ளியின் புதிய பருவம், கிறிஸ்துமஸ் விற்பனை என்று, வெளிச்சம் தேயத் தேய வேலை பெருகுகிறது. உள்ளே கொண்டுவந்து கதவைச் சாத்தும் நாள் மட்டும் வருவதேயில்லை.

நார்வே வீடுகளின் பழக்கங்களில் இந்த முன்யோசனையின் மிச்சம் இன்னும் இருக்கிறது. அடுப்புக்கான விறகைக் குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும் வெட்டி, கோடை முழுவதும் காயவிடுவார்கள். இலையுதிர் காலத்தில் வெட்டினால் காலம் கடந்துவிட்டது, ஈர விறகு எரியாது. லார்ஸ் மித்திங் என்பவர் விறகு வெட்டுவதையும் அடுக்குவதையும் பற்றியே 2011இல் எழுதிய ஒரு புத்தகம் அங்கே அமோகமாக விற்றது. இன்னொரு பழக்கம் ‘த்ரான்’ எனும் காட் மீன் ஈரல் எண்ணெய். மாதத்தின் பெயரில் ‘ர்’ என்ற எழுத்து வந்தால் குடிக்க வேண்டும் என்பது பாட்டி காலத்து விதி. செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை எல்லா மாதப் பெயரிலும் அந்த எழுத்து இருக்கிறது, மே முதல் ஆகஸ்ட் வரை இல்லை. வைட்டமின் டி என்ற பெயரே பிறக்காத காலத்துப் பழக்கத்தின் நீட்சி இது. இதில் கவனிக்க வேண்டியது தொடங்கும் மாதம். நவம்பர் இருட்டில் சோர்ந்த பிறகு அல்ல, வெயில் இன்னும் முகத்தில் அடிக்கும் செப்டம்பரில். மூன்றாவது, கோட்டின் ஓரத்தில் தொங்கும் சிறு பிரதிபலிப்பு வில்லை. மாலை இருட்டத் தொடங்கும் முன்பே பள்ளிப் பிள்ளைகள் முதல் முதியவர் வரை அதை எடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். வாகன ஓட்டியின் கண்ணில் பட வேண்டுமே. சுயபராமரிப்பு என்றால் இதையெல்லாம் யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை.

மெதுவாகத் தேய்வதை உடல் சமாளித்துக்கொள்ளும், சட்டென்று பறிபோவதுதான் அதை உலுக்குகிறது என்பதற்கு டென்மார்க்கிலிருந்தே ஒரு சான்று. ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பார்கள். முதல் உலகப் போரின்போது 1916இல் எரிபொருளை மிச்சப்படுத்த ஜெர்மனி தொடங்கிய ஏற்பாடு, இன்னும் போகவில்லை. நேற்று ஆறு மணிக்கு இருட்டியது இன்று ஐந்து மணிக்கே இருட்டும். 1995 முதல் 2012 வரை டென்மார்க் மருத்துவமனைகளில் பதிவான 1,85,419 மனச்சோர்வு நோயறிதல்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு, இந்த மாற்றத்தை ஒட்டிய வாரங்களில் எதிர்பார்க்கும் அளவைவிடச் சுமார் 11 சதவீதம் அதிகப் பதிவுகள் இருந்ததாகவும், அந்த உயர்வு சுமார் பத்து வாரங்களில் மெல்ல மெல்லத் தணிந்து மறைந்ததாகவும் கண்டது. மொத்த வெளிச்சம் அந்த ஒரு நாளில் மாறுவதில்லை, காலையில் கொடுத்து மாலையில் எடுக்கிறார்கள். ஆனால் வேலை முடிந்து வெளியே வரும் மனிதருக்கு மிஞ்சியிருந்த வெளிச்சம் அந்த மாலை நேரத்து வெளிச்சம்தான். கடிகாரம்தான் காரணம் என்று ஆய்வால் முடிவாகச் சொல்ல முடியாது. என்றாலும் செப்டம்பர் நடுவிலிருந்தே மாலை வேலைகளைச் சிறிது சிறிதாகக் குறைத்து, காலை நேரத்தை வெளியே கழிக்கப் பழகியவருக்கு அந்த ஞாயிறு அவ்வளவு பெரிய பள்ளமாக இருக்காது என்று எதிர்பார்ப்பதில் நியாயம் இருக்கிறது.

காலை வெளிச்சத்தைக் குறித்துச் சற்று அழுத்திச் சொல்லலாம். தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 1976இல் நியூயார்க்குக்கு வந்த மனநல மருத்துவர் நார்மன் ரோசந்தால், குளிர்காலம் தோறும் தன் சுறுசுறுப்பு வடிவதைக் கவனித்தார். 1984இல் அவரும் வெர் உள்ளிட்ட சகாக்களும் பருவகால மனச்சோர்வை முதன்முறையாக விவரித்து, பிரகாசமான விளக்கொளியால் அது தணிவதையும் காட்டினார்கள். இன்று வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுவது 10,000 லக்ஸ் (ஒளியின் அளவைக் குறிக்கும் அலகு) விளக்கின் முன் காலையில் அரை மணி நேரம். நன்கு ஒளியூட்டப்பட்ட அலுவலக அறையில் இருப்பது 300 முதல் 500 லக்ஸ்தான். மேகம் மூடிய பகலில்கூட வெளியே சில ஆயிரம் இருக்கும். ஆகவே இருட்டும் பருவத்தில் மெதுவாக இருப்பது என்றால் வீட்டுக்குள் முடங்குவது அல்ல. பகலில் வெளியே, இரவில் மங்கலாக என்று நாளின் இரு முனைகளையும் பிரித்துவைப்பது. அதிக நேரம் படுத்துக்கிடப்பது சோர்வை வளர்க்கும் என்பதையும், மனச்சோர்வுக்கான பேச்சுச் சிகிச்சைகளில் சிறு சிறு செயல்களைத் திட்டமிட்டுச் செய்யவைப்பது முக்கியமான முறை என்பதையும் மறக்கக் கூடாது. கனிவு என்ற பெயரில் எல்லாவற்றையும் ரத்துசெய்தால் முதலில் ரத்தாவது நண்பர்களின் வருகையும் மாலை நடையும்தான், இலையோடு சேர்த்துக் கிளையையும் வெட்டிய கதையாக.

இதற்கும் ஒரு வலுவான ஆட்சேபம் உண்டு. பருவத்தால் மனம் சோர்கிறது என்பதே மிகைப்படுத்தப்பட்ட நம்பிக்கை என்கிறார்கள் சிலர். 34,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் பதில்களை ஆராய்ந்து 2016இல் வெளியான ஒரு கட்டுரை, மனச்சோர்வு அறிகுறிகளுக்கும் பருவத்துக்கும் வெளிச்ச அளவுக்கும் தொடர்பைக் காணவில்லை. துருவ இரவு நிலவும் நார்வேயின் ட்ரோம்சோ நகரில் ஆராய்ந்த உளவியலாளர் காரி லைபோவிட்ஸ், குளிர்காலத்தைப் பற்றி அங்குள்ளவர்களின் மனப்பாங்கு பொதுவாக நல்லதாக இருப்பதையும், வடக்கே போகப் போக அது கூடுவதையும் கண்டார். இவற்றை நான் ஏற்கிறேன். இலையுதிர் காலம் பெரும்பாலானோரை நோயாளி ஆக்குவதில்லை, கடும் பருவச் சோர்வு உள்ள சிறுபான்மையினருக்கு மருத்துவரே தேவை, கட்டுரை போதாது. ஆனால் ட்ரோம்சோக்காரர்களின் நலம் தானாக வந்ததா? பனிச்சறுக்குக் கட்டையும் நெருப்பும் காபியும் அண்டை வீட்டாரும் என்று அந்த இருட்டுக்காக அவர்கள் வாழ்க்கையையே ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறார்கள். சேர்ந்து அமர்ந்திருக்கும் கதகதப்புக்கு ‘கூசெலி’ என்று ஒரு சொல்லே இருக்கிறது. இருட்டு அவர்களைத் தாக்காததற்கு, இருட்டு வரும் என்று அவர்கள் நம்பியதும் ஒரு காரணமாக இருக்கலாம். நாமோ ஒவ்வொரு ஆண்டும் அதிர்ச்சி அடைகிறோம்.

தமிழ் வீடுகளுக்கு இதில் தனிக் கணக்கு ஒன்று உண்டு. கருமையான தோல் வெயிலிலிருந்து வைட்டமின் டி தயாரிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். ஓஸ்லோவில் இலங்கையர் உட்பட ஐந்து குடியேறிய சமூகங்களை ஆராய்ந்த 2005ஆம் ஆண்டின் ஆய்வு, அவர்களிடையே இந்தச் சத்துக் குறைபாடு பரவலாக இருப்பதைக் காட்டியது. பிரிட்டனில் எல்லோருமே இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் நாளுக்கு 10 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்வதைப் பரிசீலிக்கும்படி அரசு சொல்கிறது, கருந்தோல் உடைய தெற்காசியர் போன்றோர் ஆண்டு முழுவதும். பாட்டியின் செப்டம்பர் விதி நமக்கு இன்னும் கறாராகப் பொருந்துகிறது. இன்னொன்று நாட்காட்டி. நவராத்திரி, தீபாவளி, கந்த சஷ்டி, கார்த்திகை விளக்கீடு எல்லாம் வடக்கில் வெளிச்சம் தேயும் அதே வாரங்களில் வந்து குவிகின்றன. நவம்பர் கடைசியில் ஓஸ்லோவில் மூன்றரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். அப்போது வாசலில் ஏற்றும் அகல் விளக்கு, ஊரில் இல்லாத ஒரு பொருளைப் பெற்றுவிடுகிறது. அதே நேரம், சில வாரங்களுக்குள் நான்கு விழாவுக்கும் முழுச் சமையல், முழு விருந்து என்றால் அது யார் தலையில் விழுகிறது என்பது எல்லா வீட்டிலும் தெரிந்ததே. ஒன்றைப் பெரிதாகச் செய்து மற்றவற்றை விளக்கோடு நிறுத்திக்கொள்வதைப் புரட்டாசியிலேயே பேசி முடிவெடுக்கலாம். விழாவுக்கு முந்தின இரவில் எடுக்கும் முடிவு முடிவல்ல, சண்டை.

கடைசி ஆட்சேபம்தான் எளிதில் பதில் சொல்ல முடியாதது. இதெல்லாம் நேரத்தைத் தன் கையில் வைத்திருப்பவர்களின் பேச்சு, ஓட்டல் சமையலறையிலும் முதியோர் இல்லத்திலும் துப்புரவுப் பணியிலும் இருப்பவர் எந்தக் காலை வெளிச்சத்தில் நடப்பார்? இருட்டில் போய் இருட்டில் திரும்பும் அவரிடம் மெழுகுவத்தியைப் பற்றிப் பேசுவது கேலி. மதிய இடைவேளையில் பத்து நிமிடம் வெளியே நிற்பது, செப்டம்பரிலேயே வைட்டமினைத் தொடங்குவது, குளிர்காலத்துக்குப் புதிதாக எந்தப் பொறுப்பையும் ஏற்காமலிருப்பது என்று பணம் கேட்காத சிலவற்றை அவராலும் செய்ய முடியும். ஆனால் மீதி அவர் கையில் இல்லை, சட்டத்தின் கையில் இருக்கிறது. நார்வேயின் தொழிலாளர் சட்டம், இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரையிலான வேலையை, பணியின் தன்மை அதை அவசியமாக்கினால் ஒழிய அனுமதிப்பதில்லை. மெதுவாக வாழ்வதைத் தனிமனிதரின் பக்குவமாக மட்டும் பார்க்கும் இதழ்கள் இந்தப் பக்கத்தைத் தொடுவதேயில்லை. அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரம் பின்னால் போகும்போது, ஊருக்கே ஒரு மணி நேரம் கூடுதல் தூக்கம் கிடைத்துவிட்டதாக வானொலியில் வாழ்த்துச் சொல்வார்கள். இரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை என்ற அந்த ஒரு மணி நேரம், மருத்துவமனை இரவுப் பணியில் இருக்கும் செவிலியருக்கு இரண்டு முறை வருகிறது.